இரண்டாவது கத்து

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முன்பெல்லாம் மருமகள்களைப் பற்றிப் பேசுவோம். இப்போது நரம்பைப் பற்றிப் பேசுகிறோம். யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் புறங்கை கத்தரிக்காயாக வீங்கியது, எந்த நர்ஸுக்குக் கைராசி என்பதுதான் நம் ஊர்வம்பு. கையில் கேனுலா என்கிற அந்தச் சின்னக் குழாயை ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, டிரிப்ஸ் இறக்கி அனுப்பிவிடுகிறார்கள். வீடு திரும்பி ஆளுக்கொரு புராணம் பாடுகிறோம்.

போன மாதம் அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற டீச்சர். ஊசியைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொண்டு, தேள் கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். ஊசி அப்போது இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. எதிர்க் கட்டிலில் மில்லில் வேலை பார்த்த அம்மாள். "இதெல்லாம் ஒரு வலியா, எறும்புக் கடிக்குக் காணாது" என்று பெருமை பேசினார். அவருக்குக் குத்தும்போது கால்விரல்கள் சுருண்டதை நான் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. ஒரே ஊசி, ஒரே நர்ஸ், ஆனால் வலி மட்டும் ஆளுக்கு ஒன்று.

என் முறை வந்தது. குத்தி முடித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள், "பத்துக்கு எவ்வளவு வலி பாட்டி?" வலியையும் படி வைத்து அளக்கிற காலம் வந்துவிட்டது பாருங்கள். ஒன்று என்று சொன்னேன். "தைரியமான பாட்டி" என்று கன்னத்தைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என் பிறந்த ஊரில் என் பெயரே கூப்பாட்டுக்காரி. ஊசிக்குக் கத்தி ஊரைக் கூட்டியவள் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயர் எனக்கு வந்த கோடையைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். அந்தக் காலத்து ஆட்களான உங்களுக்குத்தான் அது விளங்கும்.

யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துக்கொள்வோம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்த பஸ் எங்கள் மேட்டில் ஏற முடியாமல் நிற்கும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள், முகமெல்லாம் கரியாகித் திரும்ப ஏறுவார்கள்.

அந்தக் கோடையில் ஊருணி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகக் கிடந்தது. மனிதர்களும் குடித்தார்கள், ஆடும் குடித்தது. திருவிழாவுக்குப் போய்வந்த ஒருவருக்கு முதலில் வாந்திபேதி கண்டது. அப்புறம் தெருவுக்குத் தெரு தாவியது. சுகாதார ஆபீசர் வந்து குட்டையில் ஒரு மருந்தைக் கரைத்தார். தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் குதித்தோம். பெரியவர்கள் பயந்துபோனார்கள். வெள்ளைக்காரன் ஊரைக் கொல்ல விஷம் கலக்கிறான் என்று பேச்சு. அந்த நல்ல தண்ணீரை விட்டுவிட்டு, மருந்து போடாத வேறொரு பள்ளத்தில் போய் மொண்டுவந்தார்கள். அழகான செப்புக்குடங்களில், வாயில் துணி கட்டி வடிகட்டி, நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். என் அய்யாவின் தங்கை. மாமா ரங்கூனில் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தார். யுத்தம் ரங்கூனுக்குப் போனதும் காயிதம் நின்றுபோனது. காடுமலை தாண்டி நடந்தே வந்து சேர்ந்த சிலர் நம் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களில் யாரும் மாமாவைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை, செத்ததாகவும் சொல்லவில்லை. அத்தை கழுத்தில் தாலியும் கையில் கண்ணாடி வளையலுமாக எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். அவள் அழுது ஒருவரும் பார்த்ததில்லை.

அழாதது மட்டுமில்லை. எதற்கும் சத்தம் போட மாட்டாள். முன்கையில் பச்சை குத்தியபோது, குத்துகிறவள் வழக்கப்படி வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடினாளாம். "பாட்ட நிப்பாட்டிட்டு கோட்ட நேராப் போடு" என்றாளாம் அத்தை. தண்டட்டி போடுவதற்காகச் சின்ன வயதில் காதை வளர்த்தார்களே, அது பழுத்துச் சீழ் பிடித்தபோதும் வாய் திறக்கவில்லையாம். ஒரு தடவை மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தவளைத் தேள் கொட்டியது. பிடித்த நிரையை முடித்துவிட்டு, மடியில் இருந்த பழத்தைக் கூடையில் கொட்டிவிட்டு, "மதினி, என்னமோ கடிச்சிருக்கு, பாரு" என்று காலை நீட்டினாள். கால் வீங்கிக் கருத்திருந்தது. என் ஆத்தாதான் அலறினாள்.

இதையெல்லாம் இன்றைக்கு நாம் மெச்சுகிறோம். அன்றைக்கு யாரும் மெச்சவில்லை. புருஷன் கதி தெரியாதவள் அழவில்லை என்றால் ஊர் அதை வேறு மாதிரிப் பேசும். என் ஆத்தா நல்லவள்தான், ஆனால் அவளும் சொல்வாள், "ஒங்க அத்த கல்லு. பிள்ள பெறாத ஒடம்பு, ஈரம் எங்குட்டு இருந்து வரும்?" தம்பி பிறந்தபோது அவனை அத்தை மடியில் விட யோசித்தாள். அத்தைக்கும் அது தெரியும். தொட்டிலுக்குப் பக்கத்தில் போகாமல், வெளியே உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருப்பாள்.

நான் அத்தைக்கு நேர் எதிர். தலையில் சிக்கெடுத்தால் கத்துவேன். முள் குத்தினால் கத்துவேன், முள்ளை எடுக்க வந்தால் அதைவிடக் கூடக் கத்துவேன். சீப்பை எடுத்துக்கொண்டு ஆத்தா வெளியே வந்தாலே பக்கத்து வீட்டார் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

என்னை நோய் பிடித்தது ஒரு விடிகாலை. வயிறு அரிசி கழுவின தண்ணீராகக் கொட்டியது. வாந்தி வந்தது, பிறகு வாந்திக்கும் ஒன்றுமில்லாமல் போனது. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிய கயிறாகச் சுருட்டிக்கொண்டன. எல்லாவற்றையும்விடத் தாகம். தண்ணி தண்ணி என்று கேட்டேன். கொடுக்கவில்லை. பேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் கூடிவிடும் என்பது அப்போதைய சட்டம். என்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான் செம்பை என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார்கள். தண்ணீர் ஒன்றுதான் மருந்து என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நினைத்தால் இப்போதும் தொண்டை காய்கிறது.

அத்தையும் கொடுக்கவில்லை. சேலை முந்தியை நனைத்து என் உதட்டில் வைத்தாள். நான் அந்தத் துணியைப் பல்லால் கடித்து உறிஞ்சியதும், அவள் அதை இழுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

நரிக்குடிக்குப் போகிற பாதையில் வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. லீவு நாள் என்பதால் அதை நோயாளிகளுக்கு விட்டிருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஒரு நர்ஸம்மாவும் கரி பஸ்ஸில் வந்து தங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் நம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள்தான். அங்கே என்னைக் கொண்டுபோவது என்று அய்யா முடிவு செய்தார். ஆத்தாவுக்குக் கைக்குழந்தை, வரக்கூடாது.

"நான் போறேன்" என்றாள் அத்தை.

ஆத்தா அவளை ஒரு பார்வை பார்த்தாள். வேறு ஆள் இல்லை. "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். அத்தை என்னைத் தூக்கி வண்டியில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அய்யா ஓட்டினார், பெரியப்பா முன்னால் உட்கார்ந்து வந்தார். கரிசல் வெடித்துக் கிடந்த பாதையில் வண்டி குலுங்க, மாட்டுக் கழுத்து மணி சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய புளியமரம். அதன் கீழே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள், நோயாளியோடு ஒரு பொம்பளை மட்டும் இருக்கலாம். மரத்தடியில் நின்றவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சாத்திரம் உண்டாக்கிவைத்திருந்தார்கள். முதலில் வந்த ஓர் ஆட்டுக்காரர் ஊசி குத்தும்போது மரத்துக் கொக்கெல்லாம் பறக்கிற மாதிரி கத்தினாராம், பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனாராம். அவருக்கு அடுத்து வந்த ஒருவர் சத்தமே போடவில்லை, செத்துப்போனார். இப்படி இன்னும் சிலருக்கு நடக்கவும் சாத்திரம் முற்றிவிட்டது. "கத்துனவன் பொழச்சான், கத்தாதவன் போனான்." இதுதான் மரத்தடித் தீர்ப்பு. ஆகையால் உள்ளே ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் வெளியே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, சன்னல் பக்கம் காதை வைப்பார்கள்.

கத்தவில்லை என்றால் என்ன செய்வார்கள்? வண்டியைப் பூட்டிவிடுவார்கள். அங்கே செத்தால் உடலைத் தரமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, இன்னார் என்று இல்லாமல் மூடிவிடுவார்கள். அதற்குப் பயந்து, உயிர் இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு போய் ஊர் மண்ணில் போடுவது என்று ஆனது. அப்படிக் கொண்டுபோனவர்கள் வழியிலேயே போய்ச்சேர்ந்தார்கள். "பாத்தியா, நாம சொன்னது சரி" என்று சாத்திரம் இன்னும் பலப்பட்டது.

உள்ளே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். கரும்பலகையில் யாரோ எழுதிய கூட்டல் கணக்கு அழியாமல் இருந்தது. பினாயில் நெடி. மேலே உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்து சிவப்பு ரப்பர் குழாய் ஒன்று இறங்கி வந்தது. அதற்குள் இருந்தது உப்புத் தண்ணீர். "வாய்க்குக் குடுக்காத தண்ணிய நரம்புக்குக் குடுக்குறாக" என்று வெளியே யாரோ கேலி பேசியது எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா என் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. "நரம்பு அமுங்கிப் போச்சு. கணுக்கால்ல கீறித்தான் குழாயைச் சொருகணும். மயக்க மருந்து தந்தா இந்த உடம்பு தாங்காது. நல்லாப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

இப்போது நமக்குப் போடுவது மெல்லிய பிளாஸ்டிக். அன்றைக்கு அது வெள்ளிக் குழாய். தோலைக் கத்தியால் கீறி, நரம்பை நூலால் தூக்கிப் பிடித்து, அதில் ஓட்டை போட்டுக் குழாயை உள்ளே விட்டு, நூலைச் சுற்றிக் கட்டுவார்கள். நர்ஸம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அத்தை என் தலைமாட்டில் நின்று இரண்டு தோளையும் அழுத்திக்கொண்டாள். அவள் வளையல் என் காதில் பட்டுக் குளிர்ந்தது. காலில் ஸ்பிரிட்டின் சில்லிப்பு. அப்புறம் கத்தி.

நான் கத்தத்தான் பார்த்தேன். அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். நாக்கு மேலண்ணத்தில் காய்ந்த இலையாக ஒட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.

சன்னலிலும் வாசலிலும் சாக்குத் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் குரல் கேட்டது.

"ஏலே, என்ன சத்தமே காணோம்?"

"ஊசி போட ஆரம்பிச்சிட்டாகளா?" இது அய்யா.

"கத்தியே வச்சாச்சாம்லே. வாசல்ல நிக்கிறவன் பாத்துச் சொல்றான். சீப்பக் கண்டாலே ஊரக் கூட்டுற பிள்ளடா அது. கத்திக்குச் சத்தம் வரலயின்னா என்ன அர்த்தம்?"

பெரியப்பா விடவில்லை.

"மாட்டப் பூட்டுடா தம்பி. பிள்ளையச் சுண்ணாம்புக் குழியிலயா போடப் போற?"

கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. மாட்டைக் கொண்டுவந்து நுகத்தடியில் பூட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகப் போகிறோம், அங்கே தண்ணீர்ச் செம்பு இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாருங்கள் கூத்தை.

அய்யா வாசல் சாக்குக்கு வெளியே வந்து நின்றார். குரல் உடைந்திருந்தது. "தங்கச்சி, பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு. நம்ம மண்ணுல போகட்டும்."

"பொறுண்ணே, குழாயி இன்னும் உள்ள போகல" என்றாள் அத்தை.

"இப்ப எடுத்தாப் பிள்ளை செத்துரும்" என்று டாக்டரம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்தவுகள எல்லாம் எங்க போட்டீகன்னு பாத்துக்கிட்டுத்தேன் நிக்கிறோம்" என்று பெரியப்பா சத்தம் போட்டார். "நீ உள்ள போயித் தூக்குடா."

சாக்கு அசைந்தது.

அப்போதுதான் அந்தக் கத்தல். "ஆத்தாடீ! வலிக்கே!" என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல், என் தலைக்குப் பக்கத்தில். சாக்கு அப்படியே நின்றது. ஒரு மூச்சு இடைவெளி விட்டு இரண்டாவது கத்து வந்தது. அதில் வார்த்தையே இல்லை. நீளமாக, விடாமல், இறங்கி இறங்கி ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. புளியமரத்துக் கொக்கெல்லாம் கலைந்து பறந்த சத்தம் கேட்டது.

"கேட்டீகள்ல?" என்றார் நர்ஸம்மா வாசலைப் பார்த்து. "பிள்ளை நல்லாக் கத்துறா. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

வெளியே ஒரே ஆரவாரம். "பொழச்சுட்டாடா!" என்று பெரியப்பாவே கூவினார். மறுபடியும் மணிச் சத்தம். மாட்டை அவிழ்க்கிறார்கள். அய்யா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

குழாய் நரம்புக்குள் போனது. உப்புத் தண்ணீர் ஏற ஏறக் குளிர் தூக்கிப் போட்டது. பெஞ்சு தடதடவென்று ஆடியது. அத்தை என்மேல் கவிழ்ந்து படுத்து அமுக்கிக்கொண்டாள். பிறகு குளிர் விட்டது, விரல் நுனியெல்லாம் சுருக்கம் நீங்கி எனக்கே சொந்தமாகி வந்தன. உச்சி வெயில் சாய்வதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. முதல் வார்த்தை தண்ணி. டாக்டரம்மா, "கேட்டாக் கொடுங்க, எவ்வளவு வேணும்னாலும் கொடுங்க" என்றார். அத்தை தம்ளரை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அதுவரை கொடுக்காமல் வைத்திருந்ததை நினைத்திருப்பாள். அப்புறம் என் வாயில் வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது பொல்லாதது குடித்திருக்கிறேன். அந்தத் தம்ளர்த் தண்ணீருக்கு ஈடாக ஒன்றுமில்லை.

நர்ஸம்மா அந்தக் குழாயை எடுத்த பிறகு எனக்குக் காட்டினார். பால் சங்கின் மூக்கைச் சிறிதாக்கி நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "அடுத்த ஆளுக்கு வேணுமே தாயி" என்று சிரித்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அது எத்தனை நரம்புக்குள் போய்வந்ததோ, கடைசியில் எங்கே கிடக்கிறதோ. என் கணுக்காலில் தழும்பு மட்டும் இருக்கிறது.

திரும்பும்போது வண்டியில் அத்தையிடம் கேட்டேன். "அத்தே, நான் வாயத் தொறக்கவே இல்லையே. யாரு கத்துனா?"

"நீதேன் கத்துன. ஊரே கேட்டுச்சு. பேசாம வா" என்றாள். அவள் குரல் கம்மிப்போயிருந்தது. "என்ன தாயி, தொண்ட கட்டிருச்சா?" என்று அய்யா கேட்டார். "பாதப் புழுதிண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து நான் கூப்பாட்டுக்காரி. அய்யாவுக்கு அதில் பெருமை பொங்கும். "எம்மக ரெண்டு கத்துக் கத்துனா பாருங்க. மொதக் கத்துல நோயி நடுங்கிருச்சு, ரெண்டாவது கத்துல ஓடியே போச்சு" என்பார். என்னைப் பெண் பார்க்கப் பாலவனத்தத்திலிருந்து வந்தவர்களிடமும் சொன்னார். அவர்கள் முழித்தார்கள், ஆத்தா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். கோபக்காரி என்று நினைத்துப் போய்விடுவார்களோ என்று பயம். அத்தை காப்பித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை. கல்தான்.

அவளைப் பற்றி ஊர்ப் பேச்சும் மாறவில்லை. "பிள்ள அந்தக் கத்துக் கத்துது, தோளப் புடிச்சிக்கிட்டு அசையாம நின்னாளாம்யா" என்று அதையும் அவள் கல்நெஞ்சுக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அய்யா நல்ல வயதுக்கு இருந்து போனார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த மறுநாள், நானும் அத்தையும் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். அத்தைக்கு அப்போதே நல்ல வயது. தண்டட்டியைக் கழற்றிவிட்டிருந்தாள், வெறும் காது தோளைத் தொட்டுக்கொண்டு ஆடியது. மாமா கடைசிவரை வரவில்லை. துக்க வீட்டில் யாரோ அய்யாவைப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு கத்தையும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அத்தை கையில் இருந்த கொட்டையை எறிந்துவிட்டுச் சொன்னாள். "இனிமே சொன்னா யாருக்கும் கொற இல்ல. அன்னைக்கி நீ கத்தல. நான்தேன் கத்துனேன்."

கையில் இருந்த புளியை நான் கீழே வைத்தேன்.

"மாட்டப் பூட்டிட்டாக. மணிச் சத்தம் கேக்குது. உங்கய்யா சாக்கத் தூக்குறாரு. நீ வாயத் தொறக்குற, காத்துத்தேன் வருது. என்ன செய்யச் சொல்ற? ஒன் கொரல்ல கத்துனேன். டாக்டரம்மா ஒருக்கா என்னைய நிமிந்து பாத்துச்சு. ஒன்னுஞ் சொல்லல, குனிஞ்சுக்கிருச்சு."

"இத்தன வருசமா ஏன் அத்தே சொல்லல?"

"எப்படிச் சொல்ல? உங்கய்யா ஒன்னையக் கொல்லப் பாத்தாருன்னு சொல்லவா? மாட்டப் பூட்டுனது ஈரமில்லாமயா? ஈரத்துலதேன் பூட்டுனாரு. தெரிஞ்சா அண்ணன் தாங்குவாகளா? நீ கத்துனதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவளைக் கல் என்று சொன்ன ஒவ்வொருவரும் என் கண்முன் வந்து நின்றார்கள். என்னைப் பெற்றவள் உட்பட. ஓர் ஆளின் பெருமை காப்பாற்றப்படுவதற்காகத் தன் பெயர் கெட்டுக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, இவள் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பருத்தி பிரித்திருக்கிறாள். தேள் கொட்டியதைத் தாங்கியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழுந்திருந்தால் திட்டியிருப்பாள்.

"அப்ப எனக்கு வலிக்கவே இல்லையா அத்தே?" என்று கேட்டேன். அதை அவளிடம்தானே கேட்க முடியும்?

"கண்ணு சொல்லுச்சே, வலிக்குன்னு. வாயிதேன் வரல. அதான் நான் வாங்கிக் கத்துனேன்."

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. "ஒரு கத்துலயே சாக்கு நின்னு போச்சே. அய்யாவும் நின்னுட்டாக. ரெண்டாவது எதுக்கு அத்தே கத்துன?"

அத்தை அடுத்த புளியை எடுத்து ஓட்டை உடைத்தாள், நாரை உரித்தாள், கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள்.

"மொதக் கத்து ஒனக்கு" என்றாள். "ரெண்டாவது என்னுது தாயி. அத்தன வருசமா வச்சிருந்தேன். தொறந்த வாயி, மூட முடியல."